முதல் எழுத்துக்கு முன்னே

குழந்தைக்கு நான்கு வயது நிறைந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்கிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் படிக்க வைப்பது, மதரஸாவுக்கு இப்போதே அனுப்புவதா, அடுத்த ஆண்டு அனுப்புவதா என்ற வினாக்கள் உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் எழுகின்றன. அண்மைக் காலமாக இவற்றோடு இன்னொரு வினாவும் சேர்ந்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளிலேனும் பிள்ளையை வீட்டில் வைத்து நாமே கற்பித்தால் என்ன என்பதே அது.

இவ்வினாவைப் பலருடைய மனத்தில் விதைத்தது ஒரு பெருந்தொற்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய இருபது மாதங்கள் நம் கூடங்களும் அடுக்களைகளும் வகுப்பறைகளாயின. நோய் தணிந்தது, பள்ளிகள் திறந்தன. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை இவ்வளவு விரைவில் வெளியே அனுப்பத்தான் வேண்டுமா என்ற எண்ணம் சில பெற்றோரை விட்டு அகலவில்லை.

நமக்கு அறிமுகமான ஓர் இளந்தாய் அவ்வாறு முடிவு செய்தார். கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். தம் நான்கரை வயது மகளைச் சிறிது காலம் தாமே கற்பிக்கத் துணிந்த அவர், ஒரு நாள் நம்மிடம் வந்து, "மாமா, எதிலிருந்து தொடங்கட்டும்? அலிஃபிலிருந்தா, அகரத்திலிருந்தா, ஏ பி சி டியிலிருந்தா?" என்று கேட்டார்.

கேட்பதற்கு எளிய வினா. பாடத்திட்டம் பற்றிய வினா போலவும் தோன்றும். ஆயினும் நாம் உடனே விடை கூற இயலாமல் நின்றோம். எதிலிருந்து தொடங்குவது என்பதற்குள் வேறொரு வினா மறைந்திருக்கிறது. ஒரு சிற்றுயிரின் மீது நமக்கு உள்ள உரிமை எவ்வளவு? அதன் காலத்தை நம் விருப்பப்படி விரைவுபடுத்த நமக்கு அதிகாரம் உண்டா? இது கற்பிக்கும் முறையைத் தாண்டிய அறத்தின் வினா. இதைத்தான் இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலில் சட்டம் குறித்து ஒரு சொல். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. ஆறு வயதுக்கு முற்பட்ட பருவத்தைப் பெற்றோரின் கையிலேயே அது விட்டிருக்கிறது. ஆறுக்குப் பிறகும் வீட்டுக் கல்வியைத் தொடர விரும்புவோர் சட்ட நிலையையும், தேர்வு எழுதும் வழிகளையும் நன்கு விசாரித்தறிதல் வேண்டும். நாம் இங்கே பேசுவது அதற்கு முந்திய பருவத்தைப் பற்றியே. இப்பருவத்தில் நம்மை விரட்டுவது சட்டமன்று, நம் மனமே.

இனி, அந்தத் தாயின் வினாவிலிருந்த மூன்று பெயர்களைக் கவனிப்போம். அலிஃப், அகரம், ஏ. தமிழ் முஸ்லிம் குழந்தையின் தோளில் நாம் ஏற்றும் சுமையை அவை சொல்லிவிடுகின்றன. தமிழில் 247 எழுத்துக்கள். ஆங்கிலத்தில் 26, பெரியதும் சிறியதுமாக 52 வடிவங்கள். அரபியில் 28, அவையோ சொல்லின் முதலில் ஒரு வடிவும் நடுவில் ஒரு வடிவும் இறுதியில் ஒரு வடிவுமாக மாறி நிற்பவை. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக ஓடும். அரபி வலமிருந்து இடமாக வரும். காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் கண்ணை ஓட்டுமாறு ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கட்டளையிடுகிறோம். அது தடுமாறினால், "கவனமில்லை" என்று கடிந்துகொள்கிறோம்.

கையின் நிலையும் இதுதான். மனித மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல ஒவ்வொன்றாக எலும்பாக இறுகுகின்றன. ஐந்து வயதில் அவற்றுள் சில அந்த வேலையைத் தொடங்கியே இருப்பதில்லை. கடைசி எலும்பு எட்டு, ஒன்பது வயதுக்குப் பின்னரே உருவாகிறது. படைத்தவன் இன்னும் கட்டி முடிக்காத கையில் பென்சிலைத் திணித்து, இரட்டைக் கோட்டுக்குள் நேராக எழுதச் சொல்கிறோம். எழுத்து கோணினால் பிள்ளையைக் குறை கூறுகிறோம். அந்தக் கோணல் யாருடைய குற்றம்?

எதை முதலில் கற்பிப்பது என்னும் வினா நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் முஸ்லிம் நாடுகள் பலவற்றில் குழந்தைகளுக்குக் கற்பித்த முறைகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியான மக்ரிபில் குர்ஆனை மட்டுமே முதலில் கற்பித்தனர். அது முடியும்வரை வேறெதையும் கலக்கவில்லை. அந்தலூஸில் குர்ஆனோடு எழுத்து, கவிதை, மொழியிலக்கணம் ஆகியவற்றையும் சேர்த்துத் தொடங்கினர். அந்தலூஸின் செவில் நகரைச் சேர்ந்த காழி அபூபக்ர் இப்னுல் அரபி (1076-1148) இன்னொரு வழியைச் சொன்னார். இவர் சூஃபி ஞானி இப்னு அரபி அல்லர்; அவருக்கு முற்பட்டவர். குழந்தைக்கு முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கும் கற்பித்து, பொருள் விளங்கும் பக்குவம் வந்தபின் குர்ஆனுக்கு வரலாம் என்பது இவர் கருத்து. இது நல்ல முறையே என்று பாராட்டிய இப்னு கல்தூன், மக்களின் வழக்கம் இதற்கு இடம் தராது என்றும் குறிப்பிட்டார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மார்க்கப் பற்றில் நம்மிலும் மிக்க முன்னோர்கள் எதை முதலில் வைப்பது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபட்டனர். வரிசை என்பது ஈமானின் பகுதியன்று. ஆராய்ந்து தேர்ந்துகொள்ளத் தக்கது. எனவே அலிஃபை ஓராண்டு தள்ளி வைக்கும் தாயை மார்க்கம் மறந்தவள் என்று பழிப்பதும், அகரத்தைத் தள்ளி வைப்பவளைப் பழமைவாதி என்று எள்ளுவதும் அறியாமையே.

ஆனால் ஒன்றில் அதே இப்னு கல்தூன் மாற்றத்திற்கு இடமே வைக்கவில்லை. கற்போரிடம், அதிலும் சிறுவரிடம், கடுமை காட்டுவது அவர்களைக் கெடுக்கும் என்று தனி அத்தியாயமே எழுதினார். அச்சத்தில் வளரும் பிள்ளை உற்சாகத்தை இழக்கிறது, சோம்பலுக்கு ஆளாகிறது, தண்டனைக்குத் தப்புவதற்காகப் பொய்யையும் நடிப்பையும் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. எழுத்தைக் கற்பிக்கப் போய்ப் பொய்யைக் கற்பித்துவிடுகிறோம் என்றால், அந்த வாணிபத்தில் இலாபம் எது?

இமாம் கஸ்ஸாலி (1058-1111) அவர்கள் இஹ்யாவில் குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று தொடங்குகிறார்கள். பாடம் முடிந்து வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாது கற்கச் செய்தால் உள்ளம் இறந்துபோகும் என்றும் எச்சரிக்கிறார்கள். அமானிதம் என்ற சொல்லின் கனம் வாணிபம் செய்யும் நம் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். பிறர் நம்மிடம் வைத்துச் சென்ற பொருளை நம் விருப்பப்படி உருக்கி நகை செய்து அணிந்துகொள்வதில்லை. பிள்ளையையோ நம் பெருமைக்கு அணியாக உருக்கத் துணிகிறோம். "என் மகன் நான்கு வயதில் இத்தனை சூராக்கள் ஓதுவான்" என்று விருந்தினர் முன் அவனை நிறுத்தி ஓதச் சொல்லும்போது, அங்கே ஓதப்படுவது யாருடைய புகழ் என்று நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் குழந்தைகள் வரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். தொழுகையில் ஸஜ்தாவில் இருந்தபோது பேரர் ஒருவர் முதுகில் ஏறிக்கொள்ள, ஸஜ்தா நீண்டுவிட்டது. காரணம் கேட்ட தோழர்களிடம், பிள்ளை தன் விருப்பம் தீரும் முன் அவசரப்படுத்துவதைத் தாம் விரும்பவில்லை என்று சொன்னார்கள். வேறொரு வேளையில், பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் துயரத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்றும் அறிகிறோம். ஒரு குழந்தைக்காகத் தொழுகை நீண்டது. இன்னொரு குழந்தைக்காகத் தொழுகை சுருங்கியது. வணக்கத்திலும் மேலான வேலை உலகில் வேறில்லை. அந்த வணக்கமே குழந்தையின் காலத்திற்கு இசைந்து கொடுத்தது என்றால், நம் பாடத்திட்டம் இசைந்து கொடுக்கக் கூடாதா?

அவர்கள் கற்பித்த விதத்தையும் காண்போம். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மைந்தர் உமர் இப்னு அபீஸலமா சிறுவராக இருந்தபோது, உண்ணும் தட்டில் கை அங்குமிங்கும் அலைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றே செய்திகள் சொன்னார்கள். இறைவன் பெயரைச் சொல்வது, வலக்கரத்தால் உண்பது, தனக்கு அருகிலுள்ளதை எடுப்பது. அதன்பின் தாம் உண்ணும் முறை அதுவாகவே நிலைத்தது என்று அவர் பெரியவரான பிறகு நினைவுகூர்ந்தார். பாடம் நடந்த இடம் உணவுத் தட்டு. கற்பித்தவர் உடனிருந்து உண்டவர். பாடத்தின் அளவோ ஒரு பிள்ளை உடனே செய்யத்தக்க மூன்று செயல்கள். அது வாழ்நாள் முழுதும் நின்றது. மென்மை என்றால் திருத்தாமல் விடுவது என்று எண்ணுவோருக்கும் இதில் விடை இருக்கிறது. அங்கே திருத்தம் இருந்தது, இழிவு இல்லை.

வளர்த்த சிட்டு இறந்துபோனதால் வாடியிருந்த அபூஉமைர் என்ற சிறுவரிடம் அந்தப் பறவையைப் பற்றியே கனிவோடு விசாரித்ததும் நாம் அறிந்த வரலாறே. ஒரு சமுதாயத்தின் பாரத்தையே சுமந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் குருவி அற்பமாகத் தோன்றவில்லை.

தொழுகையை ஏவுவதற்குக்கூட ஏழு வயது குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நபிமொழியில் பத்து வயதைப் பற்றிய பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பிரம்பைத் தேடுவோர் உண்டு. ஏழு வரையில் ஏவலே இல்லை என்பதை அவர்கள் மறக்கிறார்கள். ஏழிலிருந்து பத்து வரை, நாள்தோறும் ஐந்து வேளையாக, மூன்று ஆண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட தடவைகள் வாய்ச்சொல்லால் மட்டுமே நினைவூட்டச் சொல்லப்பட்டிருக்கிறது. அத்தனை தடவை பொறுமையோடு அழைத்தவர் நம்மில் யார்? தீனின் தூணாகிய தொழுகைக்கே இவ்வளவு அவகாசம் இருக்கும்போது, எழுத்துப் பயிற்சிக்கு ஐந்து வயதில் அடி விழுவதை எந்த நியாயத்தால் ஏற்பது?

பிறருக்குச் சொல்வதற்கு முன் நம் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிகள் மூடிக்கிடந்த அந்நாளில் நம் வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருந்தான். அவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பை நாமே ஏற்றோம். காலையில் ஒரு மணி நேரம் தமிழ், மாலையில் அரபி, இரவில் ஆங்கிலம் என்று நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். பத்து நாட்களில் குரல் உயர்ந்தது. இருபது நாட்களில் விரலால் தலையில் குட்டும் பழக்கமும் வந்தது. "நன்னா" என்று ஓடிவந்து நம் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளை அவன். ஒரு மாலை அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவனைக் காணவில்லை. தேடினோம். நம் காலடியோசை கேட்டதும் அவன் கதவுக்குப் பின்னே போய் ஒளிந்துகொண்டிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிலேட்டைத் தன் பாட்டியின் தலையணைக்கு அடியில் மறைத்திருந்தான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் காலத்தில் பெற்றோர் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது, "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்வது வழக்கம். நாமும் அடி வாங்கியவர்களே. ஆயினும் அடி வாங்கிய பிறகு ஓடிச் செல்ல நமக்கு ஒரு வீடு இருந்தது. தலையைத் தடவ ஒரு தாய் இருந்தாள். பள்ளியில் கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளைக்கு வீடு அடைக்கலம். வீட்டிலேயே கடிந்துகொள்ளப்படும் பிள்ளைக்கு அடைக்கலம் எது? தாயே ஆசிரியையாகி, ஆசிரியை கடுமையாகிவிட்டால், அந்தப் பிள்ளை தாயைத் தேடி எங்கே போகும்?

வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். வீட்டில் கற்பிப்பவருக்கு மென்மை என்பது விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் நற்குணமன்று. அத்தொழிலுக்கு உரிய நிபந்தனை. அந்த நிபந்தனையை நிறைவேற்ற இயலாத நாளில் பாடத்தை நிறுத்திவிடுவதே கடமை. எழுத்தை ஆறு மாதம் கழித்துக் கற்றுக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னே ஒளிந்த பிள்ளையின் நம்பிக்கையை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்று யார் சொல்ல முடியும்? நாம் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தோம். நான்கு மாத காலம் கதை மட்டுமே சொன்னோம்.

அப்படியானால் தொடக்கம் எங்கே? செவியில் என்று நாம் விடை கூறுகிறோம். திருமறையின் முதற்கட்டளை ஓதுமாறு பணித்தது. அது வந்தபோது ஏடு எதுவும் விரிக்கப்படவில்லை. எழுதப் படிக்க அறியாத ஒருவரின் செவியில் அது விழுந்தது. தோழர்கள் பலரும் கேட்டே மனனம் செய்தனர். ஏடுகளாகத் தொகுக்கும் பணி நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் நடந்தது. கேள்வி முதல், எழுத்து பிறகு என்ற வரிசை நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

இதில் ஒரு நடைமுறை நன்மையும் உண்டு. ஸீன், ஸாது, ஸே என்னும் மூன்று அரபி ஒலிகளையும் தமிழில் 'ஸ' என்ற ஒரே எழுத்தால் குறிக்கிறோம். அவற்றின் வேறுபாட்டைக் கண்ணால் கற்பிக்க முயன்றால் பெரியவர்களுக்கே கடினம். குழந்தையின் செவியோ அவற்றை எளிதில் பிரித்தறிந்துகொள்ளும். ஆகவே, நன்றாக ஓதத் தெரிந்த ஒருவர் பிள்ளை அருகில் இருக்கும்போது சிறு சூராக்களை நிதானமாக ஓதி வரட்டும். திரும்பச் சொல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சில வாரங்களில் அது விளையாடும்போது தானே முணுமுணுக்கும். அம்முணுமுணுப்பே முதற்பாடம் ஏறிவிட்டதற்குச் சான்று.

நம் தமிழும் இதையே சொல்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் வலிமார்கள் மீதும் முஸ்லிம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அதன் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஆண்பாலாயின் அவற்றோடு சிற்றில், சிறுபறை, சிறுதேர். தாலாட்டுக் கேட்பதும், கை கொட்டுவதும், முத்தம் தருவதும், நடந்து வருவதும், நிலவை அழைப்பதும், பறை முழக்குவதும், தேர் உருட்டுவதும் இதில் உண்டு. எழுத்துப் பருவம் என்று ஒன்று இதில் இல்லை. குழந்தைமையைப் பத்துப் படிகளாக வகுத்த தமிழ் மரபு, அதில் ஒரு படியைக்கூடச் சுவடிக்கு ஒதுக்கவில்லை.

வினாவும் விடையுமாக அமைந்த நூல்கள் நம் மரபில் மசலா என்று வழங்குகின்றன. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா அவ்வகையில் முதன்மையானது. கேட்கும் உரிமை கற்பவருக்கு உண்டு என்பதை அந்த இலக்கிய வடிவே ஒப்புக்கொள்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் கேட்கும் வினாக்களைத் தொகுத்தால் அதுவும் ஒரு மசலாதான். "நிலா ஏன் கூடவே வருது?" என்று கேட்கும் பிள்ளையிடம், "பேசாமல் எழுது" என்போமானால், வந்த கல்வியை வாசலில் இருந்தே திருப்பி அனுப்பியவர்களாவோம்.

மேலைநாட்டு அறிஞர்களும் இவ்வழியே வந்தனர். ஜெர்மனியின் ஃபிரோபெல் 1837இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842-1923) ஆறு வயது வரை முறையான பாடம் வேண்டாம். திறந்தவெளியும் நற்பழக்கங்களும் போதும் என்றார். ரோமாபுரியில் 1907இல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். எழுதும் முன் எழுத்தின் வடிவை விரல் தடவி உணர வேண்டும் என்பது அவர் முறை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிய வழக்கமும் அதற்கு உறவுதான். 1789 முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அம்மணல் எழுத்தைக் கண்டு வியந்து, அதைத் தம் நாட்டுக்கும் எடுத்துச் சென்றார்.

ஆயினும் எந்த முறையையும் நாம் விக்கிரகமாக்கிவிடக் கூடாது. விலையுயர்ந்த மரப்பொருட்களை வாங்கி அடுக்கிவிட்டு, பிள்ளை அவற்றைச் சொன்னபடி அடுக்கவில்லையே என்று சினப்பவரும் உண்டு. கருவி மாறியது, கடுமை மாறவில்லை.

அந்தத் தாயிடம் நாம் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். முதல் ஆறு மாதங்கள் எழுத்தே வேண்டாம். காலையில் பாங்கொலி கேட்டால் அதைச் சேர்ந்து கேளுங்கள். நபிமார்களின் வரலாற்றை நாளுக்கு ஒன்றாக, தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பிள்ளை நேற்றைய கதையையே மீண்டும் கேட்டால் மறுக்காதீர்கள். பருப்பில் கல் பொறுக்கவும், பூவைக் கோக்கவும், துணியை மடிக்கவும் விடுங்கள். பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் அங்கேதான் பலம் பெறுகின்றன. பிறகு ஒரே ஒரு எழுத்து வரிசையைத் தொடங்குங்கள். அது தமிழாக இருப்பது நலம். பிள்ளை பேசும் மொழி அதுதான். எழுத்து என்பது பேச்சின் உருவம் என்னும் உண்மை தாய்மொழியில்தான் முதலில் விளங்கும். தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதட்டும். பதினைந்து நிமிடம் போதும்; அது சலிக்கும் முன் நீங்கள் நிறுத்திவிடுங்கள். தமிழில் கண் பழகிய பிறகு அலிஃபைக் காட்டுங்கள். அதற்குள் அந்த ஒலிகள் அதன் நெஞ்சில் குடியேறியிருக்கும். ஆங்கிலம் செவி வழியாக வந்துகொண்டிருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னோம். வீட்டுக் கல்வி வீட்டைச் சுவராக்கிவிடக் கூடாது. தெருப் பிள்ளைகளோடு, பிற சமயத்துப் பிள்ளைகளோடும், நாள்தோறும் விளையாட விடுங்கள். விட்டுக்கொடுப்பதையும் பங்கிடுவதையும் எந்தத் தாயும் தனியே கற்பிக்க முடியாது.

இதற்கு மறுப்புக்கள் எழும் என்பதை அறிவோம். இளமையில் கற்றது கல்லில் செதுக்கியது போல் நிற்கும் என்று தமிழிலும் பழமொழி உண்டு, அரபியிலும் உண்டு. அந்தப் பொற்காலத்தை வீணாக்கலாமா என்பார்கள். பழமொழி உண்மையே. உண்மை என்பதால்தான் அஞ்சுகிறோம். கல்லில் எழுத்து மட்டுமா பதிகிறது? அச்சமும் பதிகிறது. குர்ஆனைத் திறக்கும்போதெல்லாம் பிரம்பின் நினைவு வருகிறது என்று நரைத்த பிறகும் சொல்லும் மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அலிஃப் பதிந்தது; அன்பு பதியவில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடுமே என்பார்கள். முந்தட்டும். பிள்ளைகளின் வளர்ச்சி பந்தயமாக இருந்தால் அதில் வெல்வது பெற்றோரின் செருக்கு, தோற்பது பிள்ளை.

வீட்டில் கற்பிக்க எல்லாராலும் இயலுமா என்பார்கள். இயலாது. தாய் தந்தை இருவரும் உழைத்தால்தான் உலை கொதிக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குப் பள்ளியும் அங்கன்வாடியும் பெருந்துணை. அன்பான ஆசிரியை ஒருவர் அமைந்துவிட்டால், சினம் மிக்க வீட்டைவிட அந்த வகுப்பறையே பிள்ளைக்கு வீடு. பிள்ளை எங்கே கற்கிறது என்பது இரண்டாம் வினா. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்பதற்கு முன் அதை மடியில் இருத்திக்கொள்ளும் தாயும் இந்த மென்மைக் கல்வியைத் தொடங்கிவிட்டவளே.

ஆண்களுக்கும் ஒரு சொல் உண்டு. வீட்டில் கற்பிப்பது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் நாம், சுமப்பது பெண்கள். சமையலும் முதியோர் பணிவிடையும் குறையாமல் இருக்க, அதன்மேல் ஆசிரியப் பணியையும் ஏற்றிவிட்டு, "ஏன் பொறுமை இழக்கிறாய்?" என்று கேட்பது நீதியன்று. தாயிடம் யாரும் மென்மை காட்டாத வீட்டில் பிள்ளைக்கு மென்மை எங்கிருந்து கிடைக்கும்? கடல் கடந்து வாழும் தந்தைகூட இரவில் தொலைபேசி வழியாக ஒரு கதை சொல்லலாம். பிள்ளைக்கு அது பாடம். தாய்க்கு அது அரை மணி ஓய்வு.

லுக்மான் (அலை) தம் மைந்தருக்குக் கூறிய அறிவுரையை நினைத்து முடிக்கிறோம். இறைவன் ஒருவனே என்பதையும், கடுகளவு செயலும் அவனுக்கு மறையாது என்பதையும், தொழுகையையும், நடையிலும் குரலிலும் பணிவையும் அவர் கற்பித்தார். அந்த அறிவுரையில் மூன்று முறை, "என் அருமைக் குட்டி மகனே" என்னும் பொருள்பட அழைக்கிறார். கண்டிப்பான செய்திகளுக்கு முன்னெல்லாம் அந்தக் கனிந்த விளி வந்து நிற்கிறது. முதல் எழுத்துக்கு முன்னே சொல்ல வேண்டிய சொல் அதுதான்.

நம் பேரன் இன்று பள்ளிக்குச் செல்கிறான், குர்ஆனும் ஓதுகிறான். எழுத்து இன்னும் சற்றுக் கோணல்தான். ஆனால் நம் காலடியோசை கேட்டால் கதவுக்குப் பின்னே போவதில்லை. அந்த அளவில் இறைவன் நம் பிழையைப் பொறுத்தான் என்றே கருதுகிறோம். நம் எல்லார் இல்லங்களிலும் பிள்ளைகள் நம்மைக் கண்டு ஓடிவருபவர்களாக இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.